குண்டு முந்தி, குழல் பிந்தி

7 பிப்ரவரி 1955

கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு படப்பெட்டி வந்திருக்கிறது. துப்பாக்கி சுடுவதை மிக மிக மெதுவாகக் காட்டும் படமாம். வெள்ளிக்கிழமை போலீஸ் அதிகாரிகளும் பார்க்க வருகிறார்கள். புரொஜெக்டரைத் தொடும் அதிகாரம் பௌதிகப் பிரிவில் ஒருவனுக்குத்தான் உண்டு: டெமான்ஸ்ட்ரேட்டர் சத்தியதாஸ், அதாவது நான்.

9 பிப்ரவரி

மனைவி செல்லபாய் இன்றும் பேசவில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும் பேசியது.

அவள் தம்பி ராஜையனின் வழக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி. போன வருஷம் ஊர்ச் சந்தையில் போராட்டக் கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டபோது அவன் முழங்காலில் குண்டு பட்டது; டாக்டர் காலையே எடுத்துவிட்டார். நானும் அங்கே நின்றேன். துப்பாக்கி வானத்தைப் பார்த்து இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தேன். கண்டதைத்தானே சொன்னேன்?

அதிலிருந்து சர்க்கார் கண்டுபிடித்தது அழகு. குண்டு மேலே போயிற்று. ராஜையன் மேல் பட்டது. ஆகவே ராஜையன் கடைக்கூரையில் நின்று கல்லெறிந்திருக்கிறான். தண்டனை வந்தால் அவன் வாத்தியார் வேலையும் போய்விடும். ஒற்றைக் காலோடு வேறெந்த வேலைக்குப் போவான்?

11 பிப்ரவரி

படம் ஓட்டினேன். குழல் வாயில் புகை. குண்டு சோம்பேறிபோல வெளியே வந்து, நகர்ந்து, திரையைத் தாண்டிப் போயிற்று. அதுவரை குழல் நேராகவே இருந்தது. பிறகுதான் மெல்ல வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது.

“எந்தொரு பங்கி!” என்று மலையாளத்தில் அதன் அழகை வியந்தார் ஓர் இன்ஸ்பெக்டர். எல்லோரும் கைதட்டினார்கள். கர்த்தாவே, நான் பார்த்தது குண்டு போன பிறகு உள்ள துப்பாக்கியையா?

13 பிப்ரவரி

ராஜையனின் வக்கீல் நீலகண்டனைப் பார்க்க வலியசாலைக்குப் போனேன். என் வாக்குமூலத்தின் நகல் அவரிடம் இருந்தது. “வெடி கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்” என்று நான் தமிழில் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அதை எழுதிக்கொண்ட போலீஸ் குமாஸ்தா வேலப்பன், சர்க்கார் மொழியான மலையாளத்தில் “வெடி கேட்டப்போள்” என்று எழுதியிருக்கிறார். நான் சொன்னது, கேட்ட பிறகு. அவர் எழுதியது, கேட்டபோதே.

படிக்காமலா கையெழுத்துப் போட்டேன்? வரி வரியாகப் படித்தேன். என்னை ‘அட்டெண்டர்’ என்று எழுதியிருந்ததை வெட்டி, ‘டெமான்ஸ்ட்ரேட்டர்’ என்று திருத்த வைத்து, ஓரத்தில் சுருக்கொப்பும் வாங்கினேன். அவ்வளவு கவனம்!

“ஓய், மாத்திச் சொன்னா உம்ம உத்தியோகத்துக்கே ஆபத்து. யோசிச்சுண்டு வாரும்” என்றார் வக்கீல்.

20 பிப்ரவரி

செல்லபாயிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாதே.

10 மார்ச்

சொல்லிவிட்டேன், கோர்ட்டில். வெடி கேட்ட பிறகுதான் திரும்பினேன் என்பதையும், படத்தில் கண்டதையும்.

“அப்போ அன்னு பறஞ்ஞது கள்ளமாணோ?” அன்று சொன்னது பொய்யா என்று சர்க்கார் வக்கீல் மலையாளத்தில் பாய்ந்தார்.

“கள்ளமில்லே சாரே. நான் கண்டது கொஞ்சம் தாமசிச்சுப் போச்சு.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது செல்லபாய்க்கு யாரோ சொல்லியிருந்தார்கள். “சோறு ஆறுது, வரப்பிடாதா?” என்றாள். ஏழு மாதத்தில் முதல் பேச்சு. அழுகை வந்துவிட்டது.

14 மார்ச்

மாஜிஸ்திரேட் வந்தார். மூன்று தடவை ஓட்டச் சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

2 ஏப்ரல்

ராஜையன் கூரையிலிருந்து இறங்கிவிட்டான் — சர்க்கார் காகிதத்திலும். விடுதலை.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சி சொன்னவரிடம் விலையுயர்ந்த கருவிகள் இருக்கலாகாதாம். திங்கட்கிழமை புரொஜெக்டர் அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும். இனி ஸ்டோர் ரூம்.

3 ஏப்ரல், ஞாயிறு

வேதக்கோவில் ஆராதனை முடிந்ததும் ராஜையன் வந்தான். “அந்தப் படத்தை எனக்கும் ஒருக்கா காட்டும் அத்தான்” என்றான். சாவி நாளை வரை என்னிடம்தானே; கல்லூரிக்குக் கூட்டிப் போனேன்.

ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தான். குண்டு வெளியே வந்து, அசைந்து அசைந்து போயிற்று. மறுபடி ஓட்டச் சொன்னான். ஓட்டினேன்.

“இம்புட்டு மெள்ளவா வருது?” என்றான். “அண்ணைக்கும் இப்பிடி வந்திருந்தா, டாக்டருக்கு முன்னால நானே காலை எடுத்திருப்பேனே அத்தான்!”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் விளக்கைப் போடாமலே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றினேன்.