தங்கம்மாக்காவின் கசெற்

ஐப்பசி 9, வியாழன்

சோதனைச்சாவடியில், பாட்டுப் பதிந்த என் கசெற்றைப் பறித்துவிட்டார்கள். மேடையில் பாடுவதற்கு நாட்டுக்கவி சேகரிக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன்.

"நாளைக்கி வா. நாங்க கேக்குறது, பொறகு தாறது" என்றான் ஆமிக்காரன்.

காலையில் குருக்கள்மடம் கிராமத்தில் தங்கம்மாக்கா நெல்லுக்குத்தும் பாட்டுத்தான் பாடினாள். பாதியில், ஆமி பிடித்துப்போன மகனை நினைத்து ஒப்பாரி வைத்தாள். பிடித்தவர்களைச் சபித்தாள். நல்ல பாட்டென்று நான் நிறுத்தாமல் பதிந்தேன்.

"இத ஒருத்தருக்கும் போட்டுக் காட்டிராத புள்ள."

"ஓம் அக்கா."

அடித்துக் கேட்டாலும் அவள் பெயரைச் சொல்லமாட்டேன் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இப்போதுதான் உறைத்தது. பாடுபவரின் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் எந்தப் பதிவையும் தொடங்குவேன். கசெற்றில் அது முதலிலேயே இருக்கிறது, என் குரலில், தெளிவாக.