இரண்டு தேதிகளுக்கும் ஒரே ஒளித்துகள் எண்ணிக்கை

அனுப்புநர்:
ஸ்டீ. பெலிண்டா, பி.எஸ்சி. (இயற்பியல்),
எடமலைப்பட்டி புதூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள், நெறிமுறைக் குழு,
குழந்தை மூளை ஒளி அளவை ஆய்வு மையம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் மகள் லிசிக்கு (14 மாதம்) 26.06.2025 அன்று உண்மையில் அளவீடு நடந்ததா என விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இரவு ஒரு மணிக்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னிக்கவும். லிசி தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது.

1. பிறந்தபோது மூச்சுத் திணறி, பிறகு வலிப்பும் வந்த குழந்தை அவள். நெற்றியில் மெல்லிய ஒளியைச் செலுத்தி, மூளைக்குள் போய்த் திரும்பும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி ரத்த ஓட்டத்தை அறியும் தங்கள் ஆய்வில் அவளைச் சேர்த்தோம். 05.06.2025, 26.06.2025 என இருமுறை அழைத்து வந்தேன்.

2. இரு அறிக்கைகளிலும் பத்து நிமிட மொத்த எண்ணிக்கை 2,81,64,907. கடைசி இலக்கம் வரை ஒன்றே. அசையாத பொருளை அளந்தாலே இந்த எண்ணிக்கை முன்பின் ஆகும். இவளோ ஒரு நிமிடம் தலையை ஆட்டாமல் இருப்பவள் அல்ல.

3. ஒளித்துகள்களை எண்ணும் உணர்கருவி மைனஸ் 270 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகி வேலை செய்யும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. குளிரூட்டும் இயந்திரத்தின் 'டக் டக்' சத்தத்துக்கு முதல் முறை லிசி வீறிட்டு அழுதாள். இரண்டாம் முறை சத்தமே இல்லை. என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கருவியை இயக்கிய திரு. சிவசங்கர், "பாப்பாவுக்காகத்தாங்க சத்தத்தைக் கம்மி பண்ணி வச்சிருக்கோம்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

4. இப்போது தொலைபேசியில் கேட்டால், "பிசிக்ஸ் படிச்சவங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்களா மேடம்?" என்று சிரிக்கிறார். இந்த மனுவை அவருக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டாம். கோப்பு மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

5. "மாற்றமில்லை, சீராக உள்ளது" என்ற இரண்டாம் அறிக்கையையும் பார்த்துத்தான், வரும் திங்கட்கிழமை (07.07.2025) முதல் வலிப்பு மருந்தைக் குறைக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்று இயந்திரம் ஓடவில்லையென்றால், அவர் பார்த்தது மூன்று வாரத்துக்கு முந்தைய லிசியை. அதுவும் லிசிதானா என்றுகூட இப்போது சந்தேகம் வருகிறது.

எனவே 26ஆம் தேதியின் குளிர்நிலைப் பதிவையும், ஒவ்வொரு துகளும் வந்த நேரம் பதிவான மூலக் கோப்பையும் தாங்களே நேரில் பார்த்து, எனக்கும் நகல் தர உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அளக்கவில்லையென்றால் "அளக்கவில்லை" என்று ஒரு வரி எழுதித் தந்தாலும் போதும். மருத்துவரிடம் காட்டி மருந்தைக் குறைக்காமல் பார்த்துக்கொள்வேன்.

திங்கட்கிழமைக்கு முன் பதில் எழுதுங்கள் ஐயா.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 02.07.2025

இப்படிக்கு,
ஸ்டீ. பெலிண்டா
(லிசியின் தாய்)