மணிக்கு மூன்றுக்குக் கீழே

நிலா, தென்துருவ நடுக்க ஆய்வு நிலையம்
பதிவு: பியூலா தங்கதுரை

நாள் 1. 11:30
எல்லாம் சரி. உணரிகள் ஏழும் வேலை செய்கின்றன. துளைப்பாளர் இசக்கிராஜ் ஏழாம் உணரிக்குப் பேட்டரி மாற்றச் சுரங்கத்தின் கடைசி அறைக்குப் போயிருக்கிறான். இங்கே நாங்கள் இரண்டே பேர். மாற்றி முடித்ததும் சுத்தியலால் பாறையில் மூன்று முறை தட்டி, "விழுந்துச்சாக்கா?" என்று கேட்பான். திரையில் கோடு எழும்பினால் "விழுந்தது" என்பேன். இதுதான் எங்கள் வழக்கம்.

நாள் 1. 12:40
பெரிய நடுக்கம். அளவு 5.1. சுரங்கத்தின் நடுப்பகுதி இடிந்துவிட்டது. இசக்கிராஜின் வானொலி பேசவில்லை.

நாள் 1. 15:10
கடைசி அறை உறுதியானது. அதில் ஐந்து நாளைக்குக் காற்று இருக்கிறது. அறைக்குள் இருந்திருந்தால் உயிரோடு இருப்பான். தோண்டும் இயந்திரத்தால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

ஆனால் விதி குறுக்கே நிற்கிறது: பின்னதிர்வுகள் மணிக்கு மூன்றுக்குக் கீழே இறங்கும்வரை சுரங்கத்தில் கை வைக்கக் கூடாது. இயந்திரத்தின் பூட்டு பூமியில் இருக்கிறது. அங்கே பொறுப்பில் இருப்பவர் மெய்யழகன்.

"பியூலா, கூரை உங்க தலையில விழுந்தா அவரக் கொண்டுவர ஆளே இல்ல. எண்ணிக்கை இறங்கட்டும், உடனே திறந்து விடறேன்."

சொல்வது நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல்.

நாள் 2. 13:00
முதல் 24 மணி நேரத்தில் 240.

இதைப் படிப்பவருக்கு: பெரிய நடுக்கம் ஓரிடத்தின் இறுக்கத்தைத் தளர்த்தி, அந்தப் பாரத்தைப் பக்கத்துப் பாறையின் தலையில் கட்டிவிடும். அது தாங்கமாட்டாமல் நழுவும். அதுதான் பின்னதிர்வு. நாளாக ஆக அது குறைவதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் நாள் 240 என்றால் இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் மூன்றில் ஒன்று, நான்காம் நாள் கால்வாசி. அதாவது 60, மணிக்கு இரண்டரை. காற்று தீர ஒரு நாள் மிச்சமிருக்கும்போதே தோண்டிவிடலாம். இருபது வருடமாக இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

ஏழாம் உணரி மட்டும் கண்டபடி வரைகிறது. இடிபாட்டில் அடிபட்டிருக்க வேண்டும். கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டேன்.

நாள் 3. 13:00
212. இருந்திருக்க வேண்டியது 120.

நாள் 4. 13:00
171. சின்னச் சின்ன அதிர்வுகள் ஓயவே இல்லை. நிலாவின் பாறை காய்ந்தது. ஒரு அடி விழுந்தால் கால் மணி நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதில் எதையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

நாள் 5. 13:00
152. மணிக்கு ஆறு.

மெய்யழகனிடம் கெஞ்சினேன், பிறகு திட்டினேன். "நீங்க போட்ட கணக்குதானேம்மா? அதையே மீறச் சொல்றீங்களே!" என்றார். நிலாவைத் திட்டினேன். இந்த நாசமாய்ப் போன பாறை ஏன் அடங்கமாட்டேன் என்கிறது?

நாள் 6. 08:05
இறங்கிவிட்டது! ஐந்து மணியிலிருந்து மணிக்கு இரண்டுதான். கத்தியே விட்டேன். மெய்யழகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

நாள் 6. 08:20
இப்படித் திடீரென்று எதுவும் நிற்காது. பின்னதிர்வு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும்.

ஏழாம் உணரியின் பதிவைத் திறந்தேன். மூன்று அடி. கால் மணி கழித்து மூன்று அடி. மறுபடியும் மூன்று. ஐந்து நாளாக, நானூற்றுப் பதினொரு முறை. மற்ற உணரிகளில் மங்கலாக விழுந்ததையெல்லாம் பின்னதிர்வு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் தட்டத் தட்ட நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

கடைசித் தட்டல் 04:58.

நாள் 6. 08:40
தட்டல் நின்றதைச் சொன்னேன். மெய்யழகன்: "குளிர் தாங்கியிருக்காதும்மா. போயிட்டார். பூட்டத் திறந்துட்டேன், ஆனா இனிமே அவசரமில்ல. அஞ்சு நாளா நீங்க தூங்கல. ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போங்க. உங்களையும் இழக்க முடியாது."

படுத்தேன். தூங்கவில்லை, அழுதேன்.

நாள் 6. 11:40
இயந்திரத்தைக் கிளப்பினேன்.

நாள் 6. 14:40
அறையைத் திறந்தேன். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. காற்று முள் பூஜ்யத்தில். உணரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது.

மடியில் வேலைக் குறிப்பெழுதும் பலகை. அதில் இருப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மணி 5. எக்கா, நான் தட்டுறதயும் நடுக்கம்னு எண்ணுதீகளோன்னு இப்பத்தான் தோணுச்சு. மூணுக்குக் கீழ வரணும்லா. நிறுத்திட்டேன். இனி கொறையும். வாங்க."

"மணி 10. இன்னும் சத்தத்தக் காணோம். தட்டிப் பாக்கலாமான்னு கை போவுது. தட்டுனா மறுபடி எண்ணிருவீக. தட்டல."

"மணி 11.45. சத்தம் கேக்கு. வந்துட்டீக. எனக்குத் தெரியும்க்கா."

அதற்குக் கீழே எதுவும் இல்லை.

நாள் 9
நடுக்கப் பட்டியலிலிருந்து அந்த நானூற்றுப் பதினொன்றையும் நீக்கி அனுப்பச் சொல்கிறார்கள், அவை நடுக்கமல்லவாம். நான் நீக்கவில்லை.

இப்போது மணிக்கு ஒன்றுதான் வருகிறது, கணக்குப்படி. ஒவ்வொரு முறையும் கடைசி அறைவரை ஓடுகிறேன். அவனை அங்கிருந்து கொண்டுவந்துவிட்டேன், அறை காலி, எனக்குத் தெரியும். கணக்கு அது பாறை என்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் சொன்னது.

இதோ, ஒன்று விழுந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு