மதினி ஓட்டிய ஜீப்

மதினி,

நேற்று கரோல் பாக்கில் உங்கள் ஜீப்பின் சீட் உறையை மாற்றக் கொடுத்தேன். பழைய உறையை உருவியதும் குப்பென்று யமுனைச் சேற்று வாடை. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. எனக்கோ அந்தச் செய்தி அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

அந்த வெள்ளத்தின்போது, மயூர் விஹாரில் நம் குடியிருப்புக்குக் கீரை கொண்டுவரும் சரிதா ஆற்றுப்படுகைக் குடிசையிலிருந்து போன் செய்தாள். புருஷனுக்குக் காலில் மாவுக்கட்டு, நடக்க முடியாது, தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. "ஜல்தி ஆ ஜாவோ, தீதீ" என்று, சீக்கிரம் வரச் சொல்லி அழுதாள். அண்ணன், "போலீசுக்குச் சொல்லு, நீ போவாத" என்றான். "சொல்லியாச்சு. படகு எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல" என்று சொல்லி நீங்கள் சாவியை எடுத்தீர்கள். "ஏட்டி, அந்தக் கயித்த எடுத்துட்டு வா" என்றீர்கள் என்னிடம்.

மலையில் அணை கட்டும் இடங்களுக்கு நீங்கள் ஜீப் ஓட்டிப் போனவர் என்பது தெரியும். ஆனாலும் ஆபீசுக்கும் காய்கறி வாங்கவும் ஓட்டித்தான் நான் பார்த்திருக்கிறேன். கரைமேட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தேன். சரிவு முழுக்கச் சேறு. நீங்கள் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பக்கத்துச் சிறு கம்பியை இழுத்து லோ ரேஞ்சில் போட்டு, முதல் கியருக்கு மாற்றினீர்கள். "இனி எஞ்சினே புடிச்சுக்கும். பிரேக்க மிதிச்சா சறுக்கிரும்." எஞ்சின் உறுமியது, வண்டியோ மெல்ல மெல்ல இறங்கியது. உங்கள் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை.

"பின்சக்கரம் ரெண்டையும் சேத்துச் சுத்த வைக்கிற அந்த லாக்கையும் இப்பவே போட்டுருங்க, மதினி" என்றேன்.

"வேண்டாம். போட்டா வண்டி ஒழுங்காத் திரும்பாது. மாட்டிக்கிட்டாப் பாப்போம்."

சரிதாவையும் அவள் புருஷனையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறும்போது மாட்டிக்கொண்டோம். பின்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றியது. மற்றது அசையாமல் நின்றது. தண்ணீர் எங்களுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. சரிதா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை, காலை எடுத்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய திகில். சுற்றிய சக்கரம் நின்ற பிறகே பட்டனை அழுத்தினீர்கள். "சுத்தும்போது போட்டா உள்ள பல்லு உடைஞ்சிரும்." அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்ற, வண்டி நேராக மேலேறியது.

மேலே தார் ரோடு வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். பின்னால் ஒரு டிராக்டர் ஹார்ன் அடித்தது. யாரோ "சலோ, சலோ!" என்று கத்தினார்கள். ரோட்டின் மறுபக்கம் பிளாஸ்டிக் விரிப்புகளுக்குக் கீழே கரையேறிய குடும்பங்கள், குழந்தைகள். "லாக்கோட இங்க திருப்பினா வண்டி நேரா அவங்க மேல போவும்" என்று சொல்லி, லாக்கை எடுத்து, அதன் விளக்கு அணையும்வரை நீங்கள் அசையவில்லை. அந்தச் சத்தத்தில் எப்படி அப்படி உட்கார முடிந்தது?

அப்படிப்பட்ட உங்களுக்கு சாணக்யபுரியில், காய்ந்த தார் ரோட்டில், நல்ல வெயில் நேரத்தில் அது நடந்தது. பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லையாம். எல்லோரும் ஹார்ன் அடித்தார்களாம். போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கியர் நியூட்ரலில் இருந்தது, ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது என்றார். இதயம் நின்றுபோகும் வேளையிலும் உங்கள் கை அதைச் செய்திருக்கிறது. அண்ணனிடம் அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சொற்கள் கேட்டன, பொருள் ஏறவில்லை. அண்ணன், "காலையில நல்லாத்தானே போனா, நல்லாத்தானே போனா" என்று அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்டான். அதன்பின் அவன் வண்டியைத் தொடவே இல்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான்.

அந்த அதிர்ச்சி என்னைவிட்டு இறங்கவில்லை, மதினி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வண்டியில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். கண் சிமிட்டுகிறாரா, மார்பு ஏறி இறங்குகிறதா என்று. நேற்று புது உறையோடு வீடு திரும்பும்போது ஒரு டாக்ஸிக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, "பையா! பையா!" என்று அவரை அண்ணன்முறையில் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"க்யா ஹுவா, மேடம்?"

"ஆப் டீக் ஹோ?" உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன்.

விநோதமாகப் பார்த்தார். பிறகு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹான் ஜீ, பில்குல் டீக்" என்றார். விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது. பின்னால் அத்தனை ஹார்ன். அவர் கிளம்பிப் போவதைப் பார்த்த பிறகுதான் என் கை கியருக்குப் போனது.