சட்டைக்காகச் செடியைப் பிடுங்க மாட்டேன்

பிப்ரவரி 6, வியாழன்

நான் ஜெபக்கூட்டத்தில் முழங்காலிட்டிருந்த நேரத்தில், என் கொல்லைப்புறத்துக்குள் புகுந்து என் மூன்று கஞ்சாச் செடிகளையும் வேரோடு பிடுங்கி, மண்தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிடுங்கியவர்கள் குடியிருப்பின் காவலாட்கள். பிடுங்கச் சொன்னவள் கமிட்டித் தலைவி கொர்டேலியா. அதே கொர்டேலியா அந்த நேரத்தில் எனக்கு முன்வரிசையில் நின்று, அயலாரை நேசிப்பது பற்றி ஜெபம் நடத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றும் மொட்டு வைக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் போதும்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "தெருவுல போறவங்க கண்ணுல படுது, மாராடெபே. கண்ணுல பட்டா சட்டப்படி தப்பு" என்றாள். வீட்டுத் தேவைக்கு வளர்க்க இந்த நாட்டுச் சட்டம் விடுகிறது; விற்கவோ வெளியே தெரியவோதான் கூடாது. என் வேலி என் தலைக்கு மேல் நிற்கிறது. தெருவில் ஒட்டகச்சிவிங்கி போனால்தான் பார்க்க முடியும். அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

என் கணவர் டோலோவிடம் சொல்லத் தயங்கினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஊன்றுகோலை எடுத்து எழுந்து நிற்பதற்குள் அவர்கள் போய்விட்டார்களாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டோலோ தூங்கவில்லை. கால் வலி. சுரங்கத்தில் பாறை விழுந்து வெட்டி எடுத்த கால் அது. எடுத்து எத்தனையோ வருடம் ஆகியும், இல்லாத பாதம் வலிக்கிறது, இல்லாத விரல்கள் முறுக்குகின்றன என்கிறார். டாக்டர் மாத்திரை தந்தார். மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. பாலில் காய்ச்சிய அந்தச் செடியின் பூதான் அவரைத் தூங்க வைத்தது. ஜாடியில் இருப்பது கொஞ்சம்தான்.

வாங்கலாம். தெருமுனையில் விற்கிறார்கள். சட்டத்துக்குள் என் வீட்டில் வளர்ந்ததை விட்டுவிட்டு, சட்டத்துக்கு வெளியே நின்று நான் ஏன் வாங்க வேண்டும்?

வெளியே வைத்தால் கண்ணில் படும் என்கிறாளா? சரி. உள்ளே வளர்க்கிறேன். மண் கூட இல்லாமல் வளர்க்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஜெபக்குழுப் பெண்களின் சீருடையான என் சிவப்புச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும் கொர்டேலியா எல்லோர் முன்னாலும் சொன்னாள். கமிட்டியில் அவள்தான் தலைவி, ஜெபக்குழுவிலும் அவள்தான் தலைவி. போதைச் செடி வளர்ப்பவள் சபையின் சட்டையைப் போடக் கூடாதாம். மன்னிப்புக் கேட்டு, இனி வளர்ப்பதில்லை என்று சொன்னால் திருப்பித் தருவார்களாம். 'மாராடெபே' என்று குலப்பெயரால் கூப்பிட்டவள் இன்று 'மிஸிஸ்' என்று கூப்பிட்டாள்.

கழற்றினேன். பொத்தான் ஒவ்வொன்றாக, நிதானமாக. மடித்து அவள் கையில் கொடுத்து, "உன் சட்டையும் நான் தச்சதுதான். தோள்ல இழுக்குது, சதை போட்டுட்ட. கொண்டா, பிரிச்சு விடறேன்" என்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். எங்கள் குழுவின் எமிலியாகத்தான் இருக்கும், அவளுக்குச் சிரிப்பு வந்தால் இருமுவாள்.

உள்சட்டையோடு, மேலே சால்வை போட்டு வீடு வரைக்கும் நடந்தேன். வெயிலில் சால்வை. பார்க்கட்டும்.

எங்கள் குழுவில் செத்தவளை அந்தச் சட்டையில்தான் புதைப்பார்கள்; சட்டை பறிபோனவளை அப்படிப் புதைக்க மாட்டார்கள். வரிசையாக நின்று பாட மாட்டார்கள். அதுவும் தெரிந்துதான் கழற்றினேன்.

மார்ச் 3, திங்கள்

நடு அறையைக் காலி செய்தேன். கட்டில், பழைய பெட்டிகள், தையல் மிஷின் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. தண்ணீரிலேயே செடி வளர்ப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, மறுபடி ஓட்டி எழுதிக்கொண்டேன். நான்காம் வகுப்போடு நின்றவள்தான். மிஷினை நானே பிரித்துப் போட்டு, நானே பூட்டிக் கற்றவள். இதுவும் ஒரு மிஷின்தானே.

மூடி போட்ட மூன்று கறுப்பு வாளிகள். மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டார். விளக்கு. சுவரில் வெள்ளைத் தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு மடிப்பு, ஓரம் அடித்தது. தையலில் குறை சொல்ல முடியாது.

டோலோ அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "சுரங்கத்துலயும் இப்படித்தான், மாராடெபே. சூரியன் இல்ல, காத்து குழாய்ல வரும். நாங்களும் அதுக்குள்ள வளந்தோம்."

"நீங்க வளந்த லட்சணம் தெரியுது" என்றேன். வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் ஊரான லுசிகிசிகியில் இருக்கும் தங்கை நொபண்ட்லா அனுப்பிய விதைகள் முளைத்துவிட்டன. மலைச்சரிவு விதை. ஊரில் எங்கள் அம்மா சோளத்துக்கு நடுவே போட்டு வளர்த்த அதே இனம். ஒரு வாளிக்கு மூன்று விதை, சோளக்குழிக்குப் போடுவது போலவே போட்டேன். ஒன்று பறவைக்கு, ஒன்று புழுவுக்கு, ஒன்று நமக்கு. ஒவ்வொரு வாளியிலும் மூன்றும் முளைத்திருக்கின்றன. இங்கே பறவையும் இல்லை, புழுவும் இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். கடைசி பெஞ்சு, சாதாரண உடை. யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

பாதிரியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் பயப்படுகிறவர். "ஒரு வார்த்தை மன்னிப்பு சொல்லிடுங்க அம்மா. ஈஸ்டருக்குச் சட்டை வந்துடும்."

"எதுக்கு மன்னிப்பு, ஐயா?"

யோசித்தார். "மனஸ்தாபத்துக்கு."

"மனஸ்தாபம் எனக்கு. அவங்கதான் கேக்கணும்."

உடைத்த சோளமும் பீன்ஸும் ஒரு தட்டு சாப்பிட்டார். நடு அறையிலிருந்து மோட்டாரின் குமிழ்ச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

செடிகள் விளக்கைத் தொட்டுவிட்டன. நொபண்ட்லாவிடம் போனில் சொன்னேன். கரி அடுப்பில் தண்ணீர் கொதிப்பது போல் சிரிக்கிறாள். "நம்ம ஊர் செடிய ரூமுக்குள்ள வெச்சியா அக்கா? அது குடிசைக் கூரையத் தாண்டிப் போற சாதி. ஓட்டப் பிரிச்சு விடு."

கூரையைப் பிரிக்கவில்லை. நூல் கட்டிப் பக்கவாட்டில் வளைத்தேன், பாவாடைக் கொசுவம் பிடிப்பது போல. வளைந்தன. விளக்கு இனி பாதி நாள் மட்டும்; மீதிப் பாதி இருட்டு. நாள் சுருங்கினால்தான் அது பூப்பதைப் பற்றி யோசிக்குமாம். இரவில் விளக்கு, பகலில் இருட்டு என்று வைத்துவிட்டேன். மின்சாரம் போவது பெரும்பாலும் பகலில்தான்.

மே 22, வியாழன்

கமிட்டி வந்தது. கொர்டேலியாவும் இரண்டு ஆண்களும். தண்ணீர் கசிகிறதா, வயரிங் சரியா என்று அறையைப் பார்க்க வேண்டுமாம்.

"இப்ப முடியாது. உள்ள ராத்திரி."

"மணி பதினொண்ணு, மிஸிஸ்."

"உனக்குப் பதினொண்ணு. உள்ள ராத்திரி. கதவத் தொறந்தா கெட்டுடும். கசியுதான்னு பக்கத்து வீட்டுச் சுவத்தப் போய்த் தடவிப் பாருங்க. வயரிங்குக்கு லைசென்ஸ் உள்ள ஆள் போட்ட சான்று இதோ. கண்ணுல படுதான்னு தெருவுல நின்னு பாருங்க. கண்ணுல பட்டா வந்து சொல்லு."

ஆண்களில் ஒருவர் சான்றை வாங்கிப் படித்தார். உண்மையாகவே படித்தார். கொர்டேலியா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

டோலோ எப்போது எழுந்தார், எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே வைத்திருந்தார். அவள் கையை எடுத்தாள்.

அவர்கள் போன பிறகு நாற்காலி கேட்டார்.

ஜூன் 14, சனி

முட்டாள்தனம். என் முட்டாள்தனம்.

ஆண் செடி எது என்று தெரிந்துவிட்டது, வாளிக்கு ஒன்று. விட்டு வைத்தால் மற்றவையெல்லாம் விதை பிடித்துப் பூ வீணாகும். ஊரில் என்றால் ஒரே இழுப்பு, ஆட்டுக்குப் போட்டுவிடுவோம். இங்கே இழுத்தால் மூன்றும் சேர்ந்து வருகின்றன. மண் இல்லாத தண்ணீரில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரே சடையாகிவிட்டன. சோளக்குழி போல மூன்று விதை போட்டவள் நான்தானே. வீடியோவில் வாளிக்கு ஒன்று என்று தெளிவாகச் சொன்னான். இவனுக்கு என்ன தெரியும், சோளம் விதைத்திருப்பானா என்று நினைத்தேன்.

ஆண் செடிகளை அடித்தண்டில் வெட்டினேன். வேர் உள்ளேயே நின்றது. அழுகினால் எல்லாம் போகும்.

ஜாடி காலி. டோலோ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். இத்தனை வருட ஒண்ணுமில்ல.

ஜூன் 17, செவ்வாய்

வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சிக்குப் பிடித்த தலைமுடியைப் பிரிப்பது போல வேரைப் பிரித்தேன். தையல் கத்தரியால் செத்ததை மட்டும் எடுத்தேன். ஒரு வாளி முழுக்கப் போய்விட்டது. மற்ற இரண்டும் நிற்கின்றன. இலை தொங்கியிருக்கிறது. மோட்டாரை விடாமல் ஓட விடுகிறேன்.

பிழைக்குமா? பிழைக்கத்தான் வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

பிழைத்துவிட்டன.

ஜூலை 12, சனி

எங்கள் குழுவின் மூத்தவள் பேஷன்ஸ் போய்விட்டாள். அடக்கம் இன்று. குளிர்காற்று. பெண்கள் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகக் கல்லறைக்கு இரண்டு பக்கமும் வரிசை. நான் கறுப்பு உடையில் போனேன்.

கொர்டேலியா என் காதில், "நீங்க குடும்பத்துக்காரங்களோட நில்லுங்க, மிஸிஸ். இது சட்டைக்காரங்க வரிசை" என்றாள்.

பேஷன்ஸின் சட்டையையும் நான்தான் தைத்தேன். அவளை அதில்தான் படுக்க வைத்திருந்தார்கள். "அப்ப அவளக் கேளு" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

 பிறகு எமிலி அரை அடி நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். இடம் கிடைத்தது. கட்டைக்குரல் பாடுகிறவள் நான். நான் இல்லாமல் அந்தப் பாட்டு எடுபடாது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறுத்தேன். தலைகீழாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், அதே அறையில், இருட்டில். வாசனை வெளியே போகாமல் கரி வைத்த விசிறி ஓடுகிறது. டோலோ முகர்ந்து பார்த்து, "லுசிகிசிகி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 30, சனி

கொர்டேலியா நேற்று எமிலியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். மன்னிப்பு வேண்டாமாம். செடியை விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் போதுமாம், சட்டை வந்துவிடுமாம். எமிலி சொல்லிவிட்டு, தானே தலையை ஆட்டினாள். "நான் சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன். பதில எடுத்துட்டுப் போக மாட்டேன், மாராடெபே. கால் வலி." பிறகு, வருகிற வியாழன் தானும் இன்னும் மூன்று பேரும் இங்கே வந்து ஜெபம் பண்ணலாமா என்று கேட்டாள். சாதாரண உடையில்.

எனவே எழுதி வைக்கிறேன், யார் எதைச் செய்ய வேண்டும் என்று.

காவலாட்கள்: என் மூன்று மண்தொட்டிகளையும் எடுத்த இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். உடைந்திருந்தால் புதிது.

கமிட்டி: இனி ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் கதவைத் தட்ட வேண்டும். எல்லா வீட்டுக்கும் இதே முறை.

பாதிரியார்: பயத்தை விட வேண்டும். சாப்பிட எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கொர்டேலியா: சட்டையைத் தன் கையால் கொண்டுவர வேண்டும், பட்டப்பகலில், எடுத்தபோது இருந்தவர்கள் முன்னால். எனக்கு இன்னொன்று தைக்கத் தெரியாமல் இல்லை. எடுத்தவள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நான் செத்தால், கறுப்பு உடையில் புதைக்கலாம். எமிலி பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நொபண்ட்லா: அடுத்த விதை அனுப்ப வேண்டும், குட்டை இனமாகப் பார்த்து.

நான்: வியாழனுக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். வாளிகளைக் கழுவ வேண்டும். வாளிக்கு ஒரு விதை.

டோலோ: ஒன்றும் செய்ய வேண்டாம். ராத்திரி பூ காய்ச்சிய பால் குடித்துப் படுத்தவர்; வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் எழவில்லை. தூங்கட்டும்.