அக்காள்மடத்தில் நான் எடுத்த கணக்கு

2 ஏப்ரல் 1959, வியாழன்

வாய்ப்புற்றுக்கு முன்னால் வரும் வெள்ளைப் படலம் யார் யாருக்கு இருக்கிறதென்று ஊர் ஊராகப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். போன மாதம் பார்த்தபோது திருப்புல்லாணியில் ஏகப்பட்ட பேருக்கு இருந்தது. அக்காள்மடத்து மீனவர் தெருவில் ஒருவருக்கும் இல்லை. கடல்காற்றுதான் காரணம் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

இன்று அங்கே போனால், ரோசம்மாக்காவுக்கு வாய் நிறையப் புகையிலை!

"போன மாசம் வாய் சுத்தமா இருந்துச்சேக்கா?"

"அது தவக்காலம்ல நர்சம்மா, தெருவே புகையிலைய விட்டிருந்துச்சு. முன்னால எனக்கும் வெள்ளையாத்தான் இருந்துச்சு, நாப்பது நாள்ல போயிருச்சு. இப்பத்தான் ஈஸ்டர் முடிஞ்சிருச்சே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாளை டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"இன்னும் நாப்பது நாள் விடுங்கக்கா."

"அதுக்கு ஆண்டவரு இன்னொருக்கா சிலுவையில ஏறணுமே!"

சிரித்துக்கொண்டே சொன்னவள், வாயிலிருந்ததை அப்படியே துப்பிவிட்டாள்.