அன்று கெட்டில் கொதிக்கவில்லை

அன்புள்ள அம்மைக்கு,

ஷைனி எழுதுகிறேன். கர்த்தர் தயவால் ஒசாகாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். லீவுக்கு வந்தபோது உங்கள் கெட்டிலுக்கு ஒரு வைஃபை பிளக் மாட்டிவிட்டேன் அல்லவா? காலையில் நீங்கள் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தால் இங்கே என் போனில் மணியடிக்கும். அன்று அடிக்கவில்லை. கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆரியங்கோட்டில் தனியாக இருக்கிறீர்களே, குளியலறையில் விழுந்திருப்பீர்களோ என்று பயந்து, நான் வேலைபார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

கடைசியில் தம்பி சஜனுக்குப் போன் போட்டேன்; அவன் எடுத்தான்.

"எலே, அம்மை எங்க?"

"நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில உண்டு அக்கா."

"விழுந்துட்டாவளா?" என்று கத்திவிட்டேன்.

"அய்யோ, அம்மைக்கு ஒண்ணுமில்ல. பிஜிக்கு தேதிக்கு முன்னையே பிரசவ வலி வந்துட்டு. நான் அப்பனாயாச்சு, பெண்குழந்தையாக்கும்! அம்மை போனை வீட்டில வச்சிட்டு கெட்டிலைத் தூக்கிட்டு வந்திருக்காவ."

ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான், கவலைப்படாதீர்கள். பிறகு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் கெட்டிலை அதே பிளக்கில் மாட்டுங்கள். சாயா வேண்டாத நாளிலும் ஒருமுறை தண்ணீர் கொதிக்க வையுங்கள். அந்த மணி கேட்ட பிறகுதான் நானும் என் சாயாவைக் குடிக்கிறேன். குழந்தை அழுவதைப் பதிவுசெய்து அனுப்பச் சஜனிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் அழுதாலும் சரி, முழுவதையும் அனுப்பட்டும்.

யாரோ கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் ஷைனி